நகையும் வழக்கும்: மனோரமா அம்மையாரின் கலையும் ஆனைக்குட்டத்துச் சின்னத்திரையும்

மெய்ப்பாடு எட்டனுள் நகையே முதற்கண் வைத்து எண்ணப்பெற்றது. பேதைமை, மடன், இளமை, எள்ளல் என்னும் நான்கினையும் தொல்காப்பியர் அதற்கு நிலைக்களனாக வகுத்தார். அந்நகை தன்கண் தோன்றுதலும் பிறன்கண் தோன்றுதலும் உண்டென உரைகாரர் விளக்குவர். இந்நான்கனுள் எது பெண்பாற் கலைஞர்க்கு உரியதாக ஒதுக்கப்பட்டது என்னும் வினா பழைய உரைகளில் எழவில்லை. அடியார்க்குநல்லார் குறிக்கும் விதூடகக் கூத்திலும், வடமொழி நாடகத்து விதூடகனிடத்தும், நகைவிளைப்போன் ஆடவனே. பெண் நகைவிளைஞர் தமிழ் மேடையிலும் திரையிலும் தமக்கென ஓரிடம் பெற்றது இருபதாம் நூற்றாண்டில்தான். அவ்விடம் எவ்வாறு பெறப்பட்டது என்பதனையும், இன்று தொலைக்காட்சி அதனை எவ்வாறு நம்முன் வைக்கின்றது என்பதனையும் மனோரமா அம்மையாரின் கலைவாழ்வைக் கொண்டு ஆராய்தலே இக்கட்டுரையின் கருத்து.

திரைப்பட நடிகையொருவரைத் தொலைக்காட்சியொடு சேர்த்து ஆராய்தல் பொருந்துமா என ஐயுறுவார் உளர். அம்மையார் சின்னத்திரைத் தொடர்களிலும் நடித்தவரே. எனினும் நாம் கருதியது அதனை அன்று. சென்னைத் தொலைக்காட்சி நிலையம் 1975-ஆம் ஆண்டு ஆகஸ்டு 15-ஆம் நாள் தொடங்கிற்று. 1993-இல் சன் தொலைக்காட்சி வந்தது. 2006-க்குப் பின் மாநில அரசு வழங்கிய வண்ணத் தொலைக்காட்சிப் பெட்டி ஏழையர் வீடுகளிலும் புகுந்தது. 2009-இல் நகைச்சுவைக்கென்றே ஆதித்யா என்னும் தனி அலைவரிசை தோன்றிற்று. பழம்படங்களின் நகைச்சுவைப் பகுதிகள் கதையினின்றும் பிரித்தெடுக்கப்பட்டு, நாள்தோறும், பொழுதுதோறும் ஒளிபரப்பாகும் நிலை இவ்வாறு அமைந்தது. அம்மையார் 2015-ஆம் ஆண்டு அக்டோபர் 10-ஆம் நாள் இயற்கை எய்தினார். அதன் பின்னும் அவர் நடிப்பு மக்களிடம் சென்று சேர்வது பெரும்பாலும் இவ்வழியேதான். ஆதலின் இன்றைய தலைமுறைக்கு அவர் சின்னத்திரை நடிகையே எனல் மிகையாகாது.

அவ்வாறு சென்று சேரும் ஊர்களுள் ஒன்றாக ஆனைக்குட்டத்தைக் கொள்வோம். விருதுநகர்க்கும் சிவகாசிக்கும் அண்மையில், கரிசல் நிலத்தில், அர்ச்சுனா ஆற்றின் நீர்த்தேக்கத்தாற் பெயர் பெற்றது அவ்வூர். (குட்டம் என்பது ஆழ்ந்த நீர்நிலையைக் குறிக்கும் பழஞ்சொல், மழை அரிதாகிய வானம்பார்த்த பூமியில் அச்சொல் ஊர்ப்பெயராய் நிற்றல் சுவையுடைத்து.) அவ்வட்டாரத்துப் பெண்டிர் தீப்பெட்டி ஆபீசிலும் வெடி ஆபீசிலும் உழைப்பவர், வீட்டிலிருந்தவாறே பெட்டி ஒட்டுபவரும் உண்டு. கண்ணும் கையும் வேலையில் இருக்கச் செவியாற் கேட்டு நகைத்தற்கு உரியது யாது? உடற்சேட்டை அன்று, பேச்சே. நம் ஆராய்ச்சிக்கு இஃது ஒரு திறவுகோலாயிற்று. மனோரமாவின் நகை கண்டு நகைப்பதினும் கேட்டு நகைப்பதற்கே உரியது என்பது நம் துணிபு.

அவர் வரலாறு பலரும் அறிந்ததே. 1937-இல் மன்னார்குடியிற் பிறந்தார், இயற்பெயர் கோபிசாந்தா. தந்தையாற் கைவிடப்பட்ட தாயுடன் காரைக்குடியை அடுத்த பள்ளத்தூரில் வறுமையில் வளர்ந்தார். பள்ளிப்படிப்பு இடையில் நின்றது. நாடகம் அவரை ஏற்றுக்கொண்டது. அண்ணாவுடனும் கருணாநிதியுடனும் மேடையில் நடித்தார், எஸ். எஸ். இராசேந்திரனின் நாடகக் குழுவிலும் பயின்றார். கண்ணதாசன் எடுத்த மாலையிட்ட மங்கை (1958) வாயிலாக, நகைச்சுவைப் பாத்திரத்தில் திரைக்கு வந்தார். கொஞ்சும் குமரி (1963) படத்தில் நாயகியாகவும் நடித்தார். எனினும் அவர் நிலைத்தது நகைச்சுவையிலேயே. 1985-இல் ஆயிரம் படங்களைக் கடந்தவர் எனக் கின்னஸ் பதிவில் இடம் பெற்றார். புதிய பாதை (1989) படத்திற்காகச் சிறந்த துணை நடிகைக்குரிய தேசிய விருதும், 2002-இல் பத்மஸ்ரீ விருதும் பெற்றார். ஆயிரம் என்னும் எண்ணைக் கண்டு வியப்பாரே பலர். அவற்றுட் பெரும்பகுதி அன்றன்றைய தேவைக்கு எழுந்து அன்றன்றே மறைந்தவை. எண்ணிக்கை ஒரு கலைஞரின் உழைப்பைக் காட்டும், கலையைக் காட்டாது.

அவர்க்கு முன்னிருந்தோர் நிலையைச் சிறிது நோக்குதல் வேண்டும். தென்மாவட்டங்களில் இன்றும் நிகழும் ஸ்பெஷல் நாடகத்தில் பபூன் என்னும் ஆடவனே நகைக்குத் தலைவன். உடன் ஆடும் பெண் அவன் சொல்லுக்கு இலக்காவாள், அன்றி எதிர்ச்சொல் உரைப்பாள். திரையிலும் இவ்விணை முறையே வந்து அமைந்தது. கலைவாணர் என். எஸ். கிருஷ்ணனுடன் டி. ஏ. மதுரம், காளி என். ரத்தினத்துடன் சி. டி. ராஜகாந்தம், கே. ஏ. தங்கவேலுவுடன் எம். சரோஜா என்று இணைப்பெயராகவே அவர்கள் நினைக்கப்படுகின்றனர். இவருள் மதுரம் அம்மையார், கலைவாணர் 1944-இன் இறுதியிற் சிறைப்பட்டு 1947-இல் விடுதலையாகும் வரையிலும், எஸ். வி. சகஸ்ரநாமத்தின் துணைகொண்டு நாடகக் குழுவைத் தாமே நடத்தினார். அத்துணை ஆற்றலுடையாரையும் இலக்கியவுலகம் ஒருவர்தம் இணையாகவே குறித்துச் செல்கின்றது. மனோரமாவும் நாகேஷ், சோ, தேங்காய் சீனிவாசன், சுருளிராஜன் எனப் பலரோடு இணைந்து நடித்தவரே. ஆயினும் எவர் பெயரோடும் அவர் பெயர் ஒட்டிக்கொள்ளவில்லை. அதற்குக் காரணம் யாது?

தொடக்கத்தில் அவர்க்கு ஒதுக்கப்பட்டவை பேதைமையும் மடனுமே. வேலைக்காரி, நாட்டுப்புறத்தாள், காதலனை நம்பி ஏமாறுபவள் என இவ்வகைப் பாத்திரங்களில் நகை அவள்மேல் நிகழும், அவளால் நிகழாது. அவ்வெல்லையை அவர் கடந்தது தோற்றத்தாலன்று, வழக்காற்றாலே. பொம்மலாட்டம் (1968) படத்திற் சென்னைச் சேரித்தமிழை அவர் பேசியதும், அத்தமிழிலேயே தாமே ஒரு பாட்டுப் பாடியதும் நோக்குக. அதற்கு முந்திய ஆண்டில் வந்த அனுபவி ராஜா அனுபவி படத்தில் நாகேஷுடன் தூத்துக்குடி முத்துக்குளிப்போர் வழக்கு. சின்னக் கவுண்டர் (1992) படத்திற் கொங்கு வழக்கு. பள்ளத்தூரில் வளர்ந்தமையாற் செட்டிநாட்டு வழக்கு இயல்பாகவே அமைந்தது. அதன் பயனாகவே 'ஆச்சி' என்னும் சிறப்புப்பெயர் அவர்க்கு வாய்த்தது. (செட்டிநாட்டில் மதிப்புக்குரிய பெண்டிரை விளிக்கும் அச்சொல், நெல்லைச் சீமையிற் பாட்டியைக் குறிக்கும். முதுமையில் அவர்க்கு இருபொருளும் பொருந்தின.)

வட்டார வழக்கைத் திரையிற் பேசுதல் அவ்வழக்கினரை இழிவு செய்வதாகாதா எனச் சிலர் வினவுவர். புறக்கணிக்கத்தக்க வினா அன்று இது. மேட்டுக்குடியினர் சேரித்தமிழ் கேட்டு நகைப்பதில் எள்ளல் உண்டு. அவ்வெள்ளலை விலைபேசி விற்ற படங்களும் பல. சின்னக் கவுண்டரிலேயே எடுப்புப் பல் வைத்து நகை விளைத்தமை, கொங்குத் தமிழின் நயத்தை ஓரளவு மறைத்துவிட்டது என்றே நாம் கொள்கின்றோம். ஆயினும் சம்சாரம் அது மின்சாரம் (1986) படத்தைக் காண்க. வீட்டு வேலைக்காரியாகிய கண்ணம்மா, குடும்பச் சிக்கலொன்றைத் தன் வாய்வன்மை ஒன்றினாலேயே திருப்பிவிடுகின்றாள். படித்தவர் பேசித் தீராத ஒன்று சேரித்தமிழுக்குத் தீர்கின்றது. அவண் நாம் அவளை நோக்கி நகைக்கவில்லை. அவளோடு சேர்ந்து, வாயடைத்து நிற்பவரை நோக்கி நகைக்கின்றோம். எள்ளலின் திசை மாறியது ஈண்டு. உரைகாரர் கூறிய தன்கண், பிறன்கண் என்னும் பாகுபாட்டில், பெண்பாத்திரம் முதன்முறையாக எள்ளப்படும் பக்கத்தினின்று எள்ளும் பக்கத்திற்கு வந்தது என்னலாம். நடிகன் (1990) படத்தில் மணமாகாது முதிர்ந்த பெண்ணொருத்தியின் காதலை அவர் நடித்த திறமும் இவ்வகையில் நினைக்கத்தக்கதே. அதனை விரிப்பின் பெருகும்.

அவர் கலையின் முடிமணி தில்லானா மோகனாம்பாள் (1968) என்பதில் இருவேறு கருத்தில்லை. கொத்தமங்கலம் சுப்பு ஆனந்த விகடனில் எழுதிய தொடர்கதையை ஏ. பி. நாகராஜன் படமாக்கினார். அதில் மனோரமா நாடகக் குழு நடிகை. ஊரிற் கருப்பாயி, மேடையில் ஜில் ஜில் ரமாமணி, ரோஜா ராணி என்னும் பெயரும் உண்டு. ஒருத்திக்கே அமைந்த இப்பெயர் அடுக்கு நகைக்காக வந்ததாயினும், அதனுள் ஒரு வாழ்வு மறைந்து கிடக்கின்றது. கருப்பாயி என்பது கரிசல் ஊர்களில் இன்றும் மூதாட்டியர்க்கு வழங்கும் பெயர். அப்பெயரோடு மேடையேற இயலாது என்பது நாடகவுலகின் எழுதாச் சட்டம். கோபிசாந்தா மனோரமாவானதும் அச்சட்டத்தின்படியே. நடிகை தம் வாழ்வையே நடித்தார் என்று கூற நாம் துணியவில்லை. எனினும் அப்பாத்திரத்தின் பேச்சில் உள்ள உறுதி கற்பனையால் மட்டும் வருவதன்று.

நாதசுரக் கலைஞன் சண்முகசுந்தரத்தை நோக்கி அவள் வினவும் வினா ஒன்று உண்டு. அவ்வின்னொலி கருவிக்கே உரியதா, ஊதுபவர்க்கு உரியதா என்பதே அதன் கருத்து. இசையறியாப் பேதையின் வினா என்று அவையோர் நகைப்பர். பேதைமை பற்றிய நகைக்கு இதனினும் சிறந்த எடுத்துக்காட்டு காண்டல் அரிது. ஆயின் அவ்வினாவைச் சற்றே நின்று நோக்கின், கலையின் பிறப்பிடம் கருவியா, கலைஞனா என்னும் பழைய ஆராய்ச்சியே அது என்பது புலனாகும். அதனை வினவுவாளோ பெயரும் ஒப்பனையும் பிறராற் சூட்டப்பெற்ற நாடகக்காரி. தன் ஒலி தனதா, பிறர் தந்ததா என அவளுக்கே தெரியாது. மனோரமா இவ்வினாவைக் கண் சிமிட்டிக் கேட்டிலர். அறியும் ஆவலோடு, முழு நம்பிக்கையோடு கேட்கின்றார். நகைப்பிற்காகக் கேட்கின்றேன் என்னும் குறிப்பு முகத்தில் சிறிதேனும் தோன்றியிருப்பின் அவ்வினா வெறும் வேடிக்கையாய் ஒழிந்திருக்கும். சண்முகசுந்தரன்பால் அவளுக்குள்ள அன்பு, அவன் உள்ளம் மோகனாம்பாளிடத்து என்பதனை அறிந்த பின்னும் குறையாமை கதையின் பிற்பகுதியில் விளங்கும். முன்னர் நகைத்த அதே மொழி, அதே இழுவை, பின்னர் அழுகைக்கு நிலைக்களனாகின்றது. சொல்முறை மாறவில்லை, சூழல் மாறிற்று. ஒரே வழக்கைக் கொண்டு இருவேறு மெய்ப்பாடுகளை விளைத்தல் எளிதன்று. பிற்காலப் படங்கள் சிலவற்றிற் கண்ணீருக்கென வேறொரு குரலை அவர் மேற்கொண்டார். அக்குரலில் இத்திறம் இல்லை என்பதையும் கூறியாக வேண்டும்.

இனி, சின்னத்திரைக்கு வருவோம். நகைச்சுவை அலைவரிசை இப்படத்தினின்று எடுத்துக்கொள்வது முற்பகுதியின் சில நிமிடங்களை மட்டுமே. பேதைமை வரும், அதன் பின் வரும் அழுகை வாராது. கானல்வரியைச் சிலப்பதிகாரத்தினின்று கழற்றி இசைப்பாட்டாக மட்டும் பாடுதல் போன்றது இது. பாட்டு இனிமை குன்றாது. ஆயின் கோவலனும் மாதவியும் பிரிந்தமை அதனால் விளைந்தது என்பது கேட்போர்க்குத் தெரியாது. வேலைக்காரிப் பாத்திரங்களுக்கு இவ்வெட்டு மேலும் தீங்காகின்றது. அவள் ஏமாறும் காட்சி தனித்து நிற்கும். அவள் எதிர்த்துப் பேசும் காட்சி கதையறிவு வேண்டுவதாதலின் விடப்படும். அவர் ஐம்பதாண்டு உழைத்துக் கடந்த எல்லைக்குள்ளேயே, துண்டுக்காட்சி அவரை மீண்டும் கொண்டுபோய் நிறுத்திவிடுகின்றது. தனிப்பாடற் றிரட்டு வழியே காளமேகரை வசைகவி என மட்டும் அறிந்தோர் உளரன்றோ? அதுபோல்வதே இது.

ஆனைக்குட்டத்தார் செவியில் விழும் வழக்குகளுள் அவர்தம் வழக்கு உண்டா என்பதும் வினவற்பாலது. செட்டிநாடு, சென்னை, கொங்கு, தூத்துக்குடி என விரியும் மனோரமாவின் வழக்குப் பரப்பிற் கரிசல் வழக்கினை நினைவிற் கொள்ளத்தக்க அளவில் நாம் கேட்டிலேம். அவர் குறை அன்று அது. அவர்க்கு எழுதப்பட்ட உரையாடலின் குறை. கரிசல் வட்டாரச் சொற்களை கி. ராஜநாராயணன் தொகுத்து 1982-இல் அகராதியாக வெளியிட்டார். அச்சொற்களுக்குத் திரையில் வாய்த்திருக்கக்கூடிய மிகச் சிறந்த நாவு அன்று நடித்துக்கொண்டிருந்தது, இரண்டும் சந்தித்தில. சிவகாசி அச்சகங்கள் நாயகியர் முகத்தை நாட்காட்டிகளில் அச்சிட்டு நாடெங்கும் அனுப்பின. ஆச்சியின் முகம் அவற்றில் வந்ததாக நாம் கண்டிலேம். முகத்திற்கே விலையுள்ள இடத்திற் பேச்சுக்கு விலை இராது போலும்.

முதுகலை மாணாக்கர்க்கு ஈண்டு ஒரு பணி காத்திருக்கின்றது. திரையில் அம்மையார் பேசிய வழக்குச் சொற்களையும் அவற்றின் இழுவை, அழுத்தம், தொடரமைதி ஆகியவற்றையும் வட்டாரவாரியாகத் தொகுத்தல் வேண்டும். எழுதப்பட்ட உரையாடல் எது, நடிகை கூட்டிய சொல் எது என்று பிரித்தறிதல் அதன்கண் கடினமான பகுதியாகும். அத்தொகுப்பிற்கு முழுப்படங்களையே மூலமாகக் கொள்ளுதல் வேண்டும். துண்டுக்காட்சிகளினின்று தொடங்குவோர்க்கு ஜில் ஜில் ரமாமணி கிடைப்பாள். கருப்பாயி கிடைக்காமற் போகலாம்.