மோதிர விரலும் பியானோப் பள்ளிகளும்

பியானோ பயில்பவர்கள் எல்லாருக்கும் பொதுவான தலைவலி மோதிர விரல். பியானோக் கணக்கில் பெருவிரல் ஒன்று, சுண்டுவிரல் ஐந்து. ஆகவே இது நான்காம் விரல். நடுவிரலை மடித்து மேசைமேல் ஊன்றிக்கொண்டு இதை மட்டும் தூக்கிப் பாருங்கள், சங்கதி விளங்கும். விரல்களை நிமிர்த்தும் தசைநாண்கள் புறங்கையில் குறுக்கிழைகளால் ஒன்றோடொன்று பிணைந்திருக்கின்றன. அந்தப் பிணைப்பில் அதிகம் மாட்டிக்கொண்டது இந்த விரல்தான். ஐரோப்பாவில் இருநூறு ஆண்டுகளாகத் தோன்றிய பியானோப் பள்ளிகளை, அதாவது வாசிப்பு மரபுகளை, எடைபோட, அவை இதை என்ன செய்தன என்று பார்த்தாலே பெரும்பாலும் போதும்.

முதலில் வந்தது விரல் பள்ளி. அக்காலத்துப் பியானோக்களில் கட்டைகள் இன்றையதைவிட லேசானவை, ஆழமும் குறைவு. கையை அசைக்காமல் விரலை மட்டும் வைத்து வாசிக்க முடிந்தது. கிளெமென்டியின் ‘கிராடுஸ் ஆட் பர்னாசும்’ (1817–26), பேத்தோவனின் மாணவரும் லிஸ்ட்டின் ஆசிரியருமான செர்னி எழுதிக் குவித்த பயிற்சிகள் எல்லாம் அந்தக் கருவிக்குப் பொருந்தியவை. பிறகு கருவி மாறியது. 1821இல் பாரிஸின் எரார், ஒரே சுரத்தை விரைவாகத் திரும்ப அடிக்க உதவும் இரட்டை விடுவிப்பு அமைப்பைக் கொண்டுவந்தார். இரும்புச் சட்டம் வந்தது, அரங்குகள் பெருத்தன, கட்டைகள் கனத்தன. பாடம் மட்டும் மாறவில்லை. விரலை இன்னும் உயரத் தூக்கு, இன்னும் ஓங்கி அடி என்றார்கள். எல்லா விரலுக்கும் சம பலம் தருவதாக வாக்களித்து 1873இல் ஹனோன் 60 பயிற்சிகளை வெளியிட்டார். உலகம் முழுக்க இன்றும் அது விற்கிறது. என் பார்வையில் தகுதிக்கு மீறிய புகழ்.

இந்தச் சமத்துவ வெறி எதுவரை போனது என்பது திகைக்க வைக்கும். 1814இல் லோகியர் என்பவர் கையை அசையாமல் பிடிக்கும் சட்டம் ஒன்றுக்குக் காப்புரிமை பெற்றார். இசையமைப்பாளர் ஷூமன் ஏதோ ஒரு பொறியில் விரலைப் பயிற்றினார். வலக்கை விரல் செயலிழந்து, மேடைக் கனவும் போனது. பொறிதான் காரணமா, நோயா என்ற வழக்கு இன்னும் தீரவில்லை. 1880களில் பிலடெல்பியா அறுவை மருத்துவர் ஃபோர்ப்ஸ், இசைக்கலைஞர்களின் மோதிர விரலை ‘விடுவிக்க’ அந்தக் குறுக்கிழைகளைக் கத்தியாலேயே வெட்டிவிட்டார்.

இத்தனைக்கும் சரியான விடை அதற்கு அரை நூற்றாண்டு முன்பே பாரிஸில் இருந்தது. ஷோப்பான் எழுதி முடிக்காமல் விட்டுப்போன பாடக் குறிப்புகளில், விரல்கள் வெவ்வேறு விதமாக அமைந்தவை, அந்த வேறுபாட்டை அழிக்காமல் ஒவ்வொன்றின் தனி ஒலியையும் வளர்க்க வேண்டும் என்கிறார். மூன்றையும் நான்கையும் பிரிக்க முயல்வது நடக்காது, தேவையும் இல்லை என்பது அவர் முடிவு. மாணவரின் கையை முதலில் ஈ, எஃப் ஷார்ப், ஜி ஷார்ப், ஏ ஷார்ப், பி கட்டைகளில் வைப்பார். நீள விரல்கள் கறுப்புக் கட்டைகளில் இயல்பாக உட்காரும். முதல் ஸ்கேல் பி மேஜர். எல்லாம் வெள்ளையான சி மேஜர் கடைசி, ஏனென்றால் கைக்கு அதுதான் கடினம். நம் பிள்ளைகள் கிரேடு தேர்வுக்கு இன்றும் சி மேஜரில்தான் ஆரம்பிக்கிறார்கள்!

1833இல் வெளியான ஓபஸ் 10இன் இரண்டாம் எட்யூடில் (பயிற்சிப் படைப்பில்) பலவீன விரல்களான மூன்று, நான்கு, ஐந்துக்கே குரோமாட்டிக் ஓட்டம் முழுவதையும் கொடுத்தார். ஒன்றும் இரண்டும் கீழே சின்னச் சின்ன கார்டுகளைத் தொட்டுக்கொண்டிருக்கும். ஏறக்குறைய எல்லாச் சுரத்துக்கும் விரல் எண்ணைத் தானே எழுதிவைத்தார். இதில் விரல்பலத்தை நம்பினால் ஒரு பக்கம் முடிவதற்குள் முன்கை மரத்துவிடும். நீள விரல் குட்டை விரலைத் தாண்டும்போது மணிக்கட்டும் கூடவே பக்கவாட்டில் நகர வேண்டும். கீழ்க் கார்டுகளை அடித்தவுடன் விட்டுவிட வேண்டும். மேல் வரியை மட்டும் தனியே, மெதுவாக, இதே விரல் எண்களோடு வாசித்துப் பழகினால் வழி திறக்கும்.

ஷோப்பானுக்குப் பின் வந்தவர்கள் விரலை விட்டுத் தோளுக்கு ஏறினார்கள். பெர்லினில் டெப்பே, பிறகு பிரைட்ஹாப்ட் (நூல் 1905), லண்டனில் மாத்தே (நூல் 1903) எனக் கையின் கனத்தையே மூலதனமாக்கிய பள்ளி இது. நல்ல திருத்தம், ஆனால் ‘தளர்வாக இரு’ என்பதே மந்திரமாகிப்போனது. பால்டிமோரில் ஓர்ட்மன் கருவிகளை வைத்து அளந்து 1929இல் எழுதிய நூல் அந்த மயக்கத்தைத் தெளிவித்தது: மூட்டுகள் ஓரளவு இறுகாமல் விசை கட்டைக்குப் போய்ச் சேராது.

வியன்னாவில் லெஷெடிட்ஸ்கி தமக்கென்று முறையே இல்லை என்றார். பதெரெவ்ஸ்கி, ஷ்னாபெல் என்று ஒருவருக்கொருவர் துளியும் ஒவ்வாத மாணவர்கள் அவரிடமிருந்து வந்ததைப் பார்த்தால் நம்பத்தான் வேண்டும். மாஸ்கோவில் ரிக்டர், கிலெல்ஸ் இருவருக்கும் ஆசிரியரான நெய்ஹாஸ், ஒலி முதலில் மனத்தில் உருவாக வேண்டும், கை அதைத் தேடிப்போகும் என்றார். பிரான்சின் கோர்ட்டோ நேர்மாறான கறார்: கடினமான பகுதியைத் திரும்பத் திரும்ப வாசிக்காதே, அதில் இடறும் கருவை மட்டும் பிரித்தெடுத்து அதற்கென்று பயிற்சி செய். மேசையில் உட்கார்ந்து சாதகத்தைத் திட்டமிட, கோர்ட்டோவைவிட உதவும் துணை எனக்குத் தெரியாது.

இத்தனை பள்ளிகளுக்குப் பிறகும் விரல் தொல்லை தீரவில்லை. அமெரிக்கப் பியானோ கலைஞர் லியான் ஃபிளைஷருக்கு 1960களின் நடுவில் வலக்கையின் நான்காம், ஐந்தாம் விரல்கள் உள்ளே சுருண்டுகொண்டன. பல பத்தாண்டுகள் மேடையில் அவர் பெரும்பாலும் இடக்கைப் படைப்புகளையே வாசித்தார். இத்தகைய கைகளோடு வந்தவர்களுக்கு டோரத்தி டாப்மன், முன்கையின் சுழற்சி ஒவ்வொரு விரலுக்கும் பின்னால் நிற்க வேண்டும் என்று கற்றுக்கொடுத்தார். நான்காம் விரல் தனியாகத் தூக்க வேண்டிய வேலை அங்கே இல்லை.

கஷ்டத்தைத் தாண்டலாமா, சுற்றிக்கொண்டு போகலாமா என்பதில்தான் வாசிப்பவர்கள் இன்னும் சண்டை போடுகிறார்கள். பேத்தோவனின் ‘ஹாமர்கிளாவியர்’ சொனாட்டா தொடங்குவதே இடக்கை தாவும் ஒரு பெரிய தாவலில். இரு கைகளுக்கும் பங்கிட்டால் பிசகவே பிசகாது. தாவலின் ஆபத்தும் போய்விடும், கூடவே அந்த மூச்சுத்திணறலும். ‘வால்ட்ஸ்டைன்’ சொனாட்டாவின் முடிவில் வரும் ஆக்டேவ் கிளிசாண்டோ (கட்டைகள்மேல் சறுக்கி வாசிப்பது) வேறு வழக்கு. அன்றைய லேசான கட்டைகளில் கை சறுக்கிக்கொண்டு போகும், இன்றைய பியானோவில் தோல் உரியும். அங்கே பங்கிடுபவரை நான் குறை சொல்ல மாட்டேன், முதலாவதில் சொல்வேன்.