பின்பாட்டு எங்கே விழுகிறது?

ராப் பாடகர் அறிவின் ‘வள்ளியம்மா பேராண்டி’ ஆல்பத்தின் முதல் பாகம் 2024-லேயே வந்துவிட்டது. புதுச்சேரி அரியாங்குப்பத்தில் கடலூர் ரோட்டோரம் நான் தினமும் உட்காரும் டீக்கடைக்கு அது போன மாதம்தான் வந்து சேர்ந்தது. அதுவும் நான் ஸ்பீக்கரைப் பையில் போட்டு எடுத்துக்கொண்டு போனதால். நாலு பேர் கேட்டார்கள், நாலு விதமாகச் சொன்னார்கள். அந்த எரிச்சல்தான் இந்தக் கட்டுரை.

டீ மாஸ்டர்: “வேகமா பேசிக்கிட்டே போறாருப்பா. பாட்டு எப்ப வரும்?” பார்சல் வாங்க வந்த கல்லூரிப் பெண்: “எஞ்சாயி எஞ்சாமி அளவுக்கு இல்லண்ணா.” என் மச்சான், வாட்ஸப்பிலிருந்து தலையைத் தூக்காமலே: “அரசியல் ஜாஸ்தி மாமா. கிராமத்துப் பாட்டுன்னா ஜாலியா இருக்கணும்.” மில்லில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஒரு பெரியவர் மட்டும் டம்ளரைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார். முடிந்ததும் சொன்னார்: “அடி நல்லாத்தான் இருக்குது. ஆனா நம்ம ஊரு சாவு வீட்டு அடி இல்ல தம்பி இது.”

நாலில் ஒன்றுதான் காதால் சொன்ன அபிப்பிராயம் என்று அப்போது தோன்றியது. மச்சான் சொன்னதற்குப் பதில் சொல்லி எனக்கு நேரத்தை வீணாக்க மனமில்லை. நாற்று நட்டவளும் பிணம் தூக்கியவனும் ஜாலிக்காகப் பாடினார்கள் என்று நம்புகிறவரை யாராலும் திருத்த முடியாது.

அடிப்படையை முதலில் முடித்துவிடுகிறேன், அதில் எனக்குப் பொறுமை கிடையாது. தானே பாட்டுக் கட்டித் தானே பாடும் நாட்டுப்பாடகர் ஒருவரின் ஆல்பம் கையில் கிடைத்தால் வரிசையாகக் கேளுங்கள், தாவாதீர்கள். போன் ஸ்பீக்கரில் கேட்காதீர்கள். பறையின் அடிக்குச்சியும் சிண்டுக்குச்சியும் அதில் ஒரே தட்டலாகிவிடும். முதல் தடவை தாளத்தை மட்டும் கவனியுங்கள், இரண்டாம் தடவை சொல்லை, மூன்றாம் தடவை பாடுகிறவர் எங்கே மூச்சு வாங்குகிறார் என்பதை. புரியாத சொல்லுக்கு வீட்டுப் பாட்டியைக் கேளுங்கள். அவ்வளவுதான்.

இன்னொன்று. “நாட்டுப்பாட்டுக்கு ஆசிரியர் கிடையாதே, ஒருவர் எழுதினால் அது எப்படி நாட்டுப்பாட்டு?” என்று கேட்கும் அறிவாளி ஒருவர் எல்லா ஊரிலும் இருப்பார். ஒவ்வொரு பாட்டையும் யாரோ ஒருத்தர் கட்டினார், பெயர் தொலைந்துபோனது, அவ்வளவே. கானா பாடுகிறவர் இன்றைக்கும் தன் பெயரையும் பேட்டையையும் பாட்டுக்குள் சொருகிவிட்டுத்தான் இறங்குவார். தொலைந்துவிடும் என்று அவருக்குத் தெரியும்.

இனி நான் சொல்ல வந்ததற்கு வருகிறேன். பின்பாட்டு.

பின்பாட்டு வேறு, கோரஸ் வேறு. இந்த வித்தியாசம் தெரியாமல் எத்தனை வருஷம் நாட்டுப்பாட்டு கேட்டாலும் கேட்காதது மாதிரிதான். எங்கள் பெரியப்பா கூத்தில் பின்பாட்டுக்காரர். இந்தப் பக்கத்துத் திரௌபதி அம்மன் கோயில் திருவிழாக்களில் விடிய விடிய நின்று பாடியவர். நோட்டீஸில் வேஷக்காரர்கள் பெயர் இருக்கும், ஆர்மோனியம், மிருதங்கம், முகவீணை பெயரெல்லாம் இருக்கும். பெரியப்பா ‘மற்றும் பலர்’.

அவர் எனக்குச் சொல்லிக்கொடுத்தது இது. வேஷக்காரர் தலையில் கிரீடம், தோளில் புஜக்கட்டை, காலில் சலங்கை. அத்தனையும் சுமந்துகொண்டு ஆடிக்கொண்டே பாட வேண்டும். ஒரு வரி பாடி முடிக்கிற நேரத்தில் மூச்சு போய்விடும். அந்த இடத்தில் பின்னால் நிற்பவர்கள் வரியின் வாலைப் பிடித்து எடுத்துக்கொண்டு போவார்கள். அவர்கள் பாடும் நேரம்தான் அர்ஜுனனுக்கு மூச்சு. “அவன் முடிச்ச பிற்பாடு நீ வாயத் தெறந்தீன்னா அது கெணத்துல கத்துற மாதிரி. அவன் முடிக்கிறதுக்குள்ள தெறந்துடணும்” என்பார் பெரியப்பா. அதாவது கடைசிச் சொல் இரண்டு பேர் வாயிலும் ஒரு கணம் இருக்க வேண்டும். கை மாற்றிக் கொடுக்கும் குடம் மாதிரி. ஒருத்தர் விடுவதற்கு முன் இன்னொருத்தர் பிடித்திருக்க வேண்டும்.

வீராம்பட்டினம் கரையில் வலை இழுக்கும்போது பார்த்திருப்பீர்கள். அம்பாப் பாட்டில் ஒருவர் வரி சொல்லும்போது கைகள் கயிற்றில் முன்னே போகும். மற்றவர்கள் சேர்ந்து ‘ஏலேலோ’ எடுக்கும்போது கயிறு பின்னே வரும். அந்தப் பின்பாட்டு அரை நொடி தப்பினால் ஒருவர் இழுக்க மற்றவர் விட, உள்ளங்கைத் தோல் உரிந்துவிடும். அங்கே பின்பாட்டு அழகுக்காக வைத்ததே இல்லை. ஒப்பாரியிலும் இப்படித்தான். கட்டிப்பிடித்து உட்கார்ந்திருக்கும் பெண்களில் ஒருத்தி சொல்லிக்கொண்டு வந்து தொண்டை அடைக்கிற இடத்தில் மற்றவள் எடுப்பாள். அடைத்த தொண்டைக்கு இடம் கொடுக்கத்தான் அடுத்தவள் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறாள்.

இதிலும் உள்வகை உண்டு, கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள். சொன்ன வரியையே திருப்பித் தாங்குவது ஒன்று. சொன்னதற்கு எதிர்ப்பேச்சாக வருவது ஒன்று; கட்டியங்காரன் வாய் திறந்தால் அதுதான். வேண்டுமென்றே தாமதமாக வந்து பாடுகிறவரைத் தவிக்கவிட்டுப் பிடிப்பது இன்னொன்று. இந்த மூன்றாவதைப் பெரியப்பா செய்துகாட்டியபோது எனக்குப் பத்து வயது. இன்றுவரை அந்த அளவு தாமதம் எவ்வளவு என்று எனக்குப் பிடிபடவில்லை.

கோரஸ் என்பது ஸ்டூடியோ சமாசாரம். ஒரே குரலை எட்டுத் தடவை பதிந்து அடுக்கி, கிளிக் சத்தத்துக்குச் சரியாக வெட்டி ஒட்டுவார்கள். வரி முடிந்த பிறகு சுத்தமாக ஆரம்பித்து, சுத்தமாக முடியும். மூச்சுக்கு இடம் விட வேண்டிய கட்டாயம் யாருக்கும் இல்லை, மூச்சு வாங்கும் சத்தத்தைத்தான் முதலில் வெட்டுகிறார்களே! இதைக் கேட்டுவிட்டு ‘மண் மணம் கமழ்கிறது’ என்று எழுதுகிற விமர்சகர்களை என்ன செய்வது? உறுமி ஒரு தடவை உறுமினால் இவர்கள் மூக்கில் மண்வாசம் அடித்துவிடுகிறது. அதைவிட மோசம் எங்கள் ஒயிட் டவுன் கஃபேக்கள். காபி விலைக்கு ஏற்ற மாதிரி ‘ஃபோக்’ மெல்லிசாக ஓடிக்கொண்டிருக்கும். பறையை மெல்லிசாக வைத்துக் கேட்பதும் கடலை டம்ளரில் பார்ப்பதும் ஒன்று.

பின்பாட்டுக்கும் கோரஸுக்கும் உள்ள இந்த வித்தியாசத்தை மேடையில் தெரிந்து கையாண்டவர் கே. ஏ. குணசேகரன். சிவகங்கைச் சீமையின் மாரந்தையில் 1955-ல் பிறந்தவர்; ‘வடு’ என்ற தன்வரலாற்றால் பலருக்குத் தெரியும். ஆனால் எங்களுக்கு அவர் உள்ளூர்க்காரர். ஊருக்கு வடக்கே காலாப்பட்டில், புதுச்சேரிப் பல்கலைக்கழகத்தின் சங்கரதாஸ் சுவாமிகள் நிகழ்கலைப் பள்ளியில் பேராசிரியராக இருந்தவர். தன் குழுவுக்கு அவர் வைத்த பெயரைப் பாருங்கள்: ‘தன்னானே’. அர்த்தமே இல்லாத அசை. பாட்டுத் தெரியாதவனும் வந்து சேர்ந்துகொள்வதற்காகப் பாட்டில் விட்டுவைத்த வாசல் அது. அதைத் தூக்கிக் குழுவுக்கே பெயராக வைத்தார்.

கவிஞர் இன்குலாப் எழுதிய ‘மனுசங்கடா’வை மேடை மேடையாகக் கொண்டுபோனதும் குணசேகரனின் குரல்தான். அந்த ஒரு சொல்லை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். ‘மனிதர்கள்’ என்று தனியாக உட்கார்ந்து சொல்லலாம். ‘மனுசங்கடா’ என்று தனியாகச் சொல்ல முடியாது. அந்த ‘டா’வுக்கு எதிரே ஒருத்தன் நிற்க வேண்டும், பக்கத்தில் பத்துப் பேர் நிற்க வேண்டும். இன்குலாப் சொல்லுக்குள்ளேயே பின்பாட்டை வைத்துவிட்டார், குணசேகரன் அதைக் கூட்டத்தின் வாயில் ஏற்றினார். அவர் 2016 ஜனவரியில் போனார், அதே ஆண்டு டிசம்பரில் இன்குலாப். குணசேகரனின் கேசட் ஒன்று என்னிடம் இருந்தது. ஒரு நண்பர் இரவல் வாங்கிப்போனார். நண்பர் இருக்கிறார், கேசட் இல்லை.

வெளியூர் உதாரணம் வேண்டுமென்றால் அமெரிக்க நாட்டுப்பாடகர் பீட் சீகர். அடுத்த வரியை முன்கூட்டியே கூட்டத்துக்குச் சொல்லிக்கொடுத்துவிட்டுப் பாடுவார். அரங்கமே அவருக்குப் பின்பாட்டு. 1965-ல் நியூபோர்ட் விழாவில் பாப் டிலன் மின்கிதாரோடு ஏறியபோது கூச்சல் போட்டார்களே, அதற்குக் கிதார்தான் காரணம் என்று இன்றுவரை எழுதிக்கொண்டிருக்கிறார்கள். கூடப் பாட இடம் பறிபோன கோபமும் அதில் உண்டு என்பது என் கட்சி. நிரூபிக்க முடியாது, ஆனால் விடவும் மாட்டேன்.

நம்மூரில் இதையெல்லாம் முதலில் காது கொடுத்துக் கேட்டவர் பாரதி. 1908 முதல் 1918 வரை இங்கே இருந்தார். குயில் பாட்டு இந்தப் புதுவைத் தோப்பில்தான் நடக்கிறது. அதில் குயில் தன் மனதைப் பறிகொடுத்த பாட்டுகளை வரிசையாகச் சொல்லும்: ஏற்றம் இறைப்பவர்கள் பாட்டு, நெல் குத்தும் பெண்கள் பாட்டு, சுண்ணாம்பு இடிப்பவர்கள் பாட்டு, வட்டமிட்டுக் கும்மி அடிப்பவர்கள் பாட்டு. ஒன்றுகூடத் தனி ஆள் பாட்டு மாதிரி தெரிகிறதா? சிலர் சேர்ந்து செய்கிற வேலை, இல்லையென்றால் சேர்ந்து ஆடுகிற ஆட்டம். பாரதியைப் பற்றி இத்தனை புத்தகம் வந்தும் இந்தப் பட்டியலைக் கச்சேரிக்காரர்கள் யாரும் கண்டுகொள்வதில்லை.

இப்போது அறிவுக்கு வருகிறேன். அரக்கோணத்துக்காரர். 2019-ல் ஆஃப்ரோவோடு சேர்ந்து ‘தெருக்குரல்’, 2021 மார்ச்சில் பாடகி தீ, இசையமைப்பாளர் சந்தோஷ் நாராயணனோடு ‘எஞ்சாயி எஞ்சாமி’. உலகமே ஆடியது. அந்த வருஷமே ரோலிங் ஸ்டோன் இந்தியா அட்டையில் அறிவின் படம் இல்லை என்று இயக்குநர் பா. ரஞ்சித் பகிரங்கமாகக் கேட்டார். எனக்குப் பெரியப்பாவின் நோட்டீஸ் ஞாபகம் வந்தது. பாட்டை எழுதியவனே ‘மற்றும் பலர்’.

அந்தப் பாட்டின் பின்னால் இருப்பவர் அவருடைய பாட்டி வள்ளியம்மாள். இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்துவிட்டுத் திரும்பி வந்தவர். 1964-ல் அந்நாட்டுப் பிரதமர் சிறிமாவோவும் நம் பிரதமர் சாஸ்திரியும் கையெழுத்துப் போட்ட ஒப்பந்தத்தில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று ஆட்களை எண்ணிப் பங்கு பிரித்தார்கள். யாரிடமும் கேட்கவில்லை. இந்தப் பின்னணி தெரியாமல் ஆடியவர்கள் ஆடிவிட்டுப் போகட்டும். ஆனால் அந்தக் கல்லூரிப் பெண் ஆல்பத்தையும் அந்தப் பாட்டையும் ஒரே அளவுகோலில் வைத்தாளே, அங்கேதான் தப்பு. அது ஊரைக் கூப்பிடும் பாட்டு. இது வேறு.

ஆல்பத்தின் பெயரையே பாருங்கள். ‘பேராண்டி’ என்று யாராவது தன்னைத் தானே சொல்லிக்கொள்வார்களா? அது பாட்டி வாயில் மட்டும் இருக்கும் சொல். “வாடா பேராண்டி” என்று திண்ணையிலிருந்து ஒருத்தி கூப்பிட வேண்டும். அந்தச் சொல்லைத் தூக்கித் தன் பெயராக வைத்துக்கொண்டால் என்ன அர்த்தம்? முன்பாட்டு அவளுடையது, இவர் பின்பாட்டு. இதைப் பிடித்துக்கொண்டு கேளுங்கள், ஆல்பம் திறந்துகொள்ளும். மாஸ்டர் “பாட்டு எப்ப வரும்” என்று கேட்டாரே, அவர் காது சரியான இடத்தில்தான் தட்டியது. தேயிலைத் தோட்டத்தில் தொண்டை அடைத்துப்போன ஒருத்தியின் வரியைப் பேரன் வாலில் பிடித்து இழுத்துக்கொண்டு ஓடுகிறார். அவ்வளவு வேகம் ஏன் என்று இப்போது புரிகிறதா? மூன்று தலைமுறை பாக்கி.

குறையும் சொல்லிவிடுகிறேன், ரசிகன் என்பதால் மறைக்கத் தேவையில்லை. ராப் என்ற வடிவத்துக்கே உள்ள நோய் இவருக்கும் உண்டு. கேட்கிறவன் நுழைய இடம் விடாமல் எல்லா இடத்தையும் தானே சொல்லால் நிரப்பிவிடுகிறார். பாட்டிக்குப் பின்பாட்டு பாடுகிறவர் தனக்குப் பின்னால் பாட வருகிறவனை மறந்துவிடுகிறார். குணசேகரனிடம் இருந்த வாசல் இவரிடம் ஒருக்களித்துத்தான் இருக்கிறது. பதினைந்து விநாடி ரீல்ஸைப் பார்த்துவிட்டு ‘வேற லெவல்’ என்று எழுதுகிறவர்கள் இதைச் சொல்ல மாட்டார்கள், நான் சொல்கிறேன்.

போன ஞாயிற்றுக்கிழமை மறுபடி ஸ்பீக்கரை எடுத்துப்போய், பெரியவர் பக்கத்தில் உட்கார்ந்து இத்தனையும் விளக்கினேன். வள்ளியம்மாள் கதையைச் சொன்னபோது “கண்டிக்குப் போன சனமா?” என்று மட்டும் கேட்டார். முழுக்கக் கேட்டார். பெஞ்சு விளிம்பில் இரண்டு விரலால் தட்டிக்கொண்டே இருந்தார். ஸ்பீக்கரில் ஓடியது ஓர் அடி, விரலில் ஓடியது எங்கள் ஊர் அடி. அது எப்படியோ பாட்டுக்குள் பொருந்திப்போனது. முடிந்ததும் எழுந்து காசு கொடுத்தார். சாவு வீட்டு அடி இல்லை என்பதை மட்டும் இன்னும் மாற்றிக்கொள்ளவில்லை.