இறந்த வரிசைகளின் இருப்பு

போஸ்ட்கிரெஸ்கியூஎல் என்னும் தரவுத்தள மென்பொருளில் ஒரு வரிசையைத் திருத்தும்போது, பழைய வரிசை அழிக்கப்படாமல் இருந்த இடத்திலேயே விடப்பட்டு, திருத்தம் தனியொரு வரிசையாக எழுதப்படுகிறது. தன்னைப் படைத்த பரிவர்த்தனையின் எண்ணையும் நீக்கிய பரிவர்த்தனையின் எண்ணையும் ஒவ்வொரு வரிசையும் தலையில் தாங்கியிருப்பதால், படிப்பவரும் எழுதுபவரும் ஒருவரையொருவர் மறிக்காமல் தத்தமக்குரிய பதிப்பைக் காண்கின்றனர். இனி எவர் பார்வைக்கும் வராத பழைய பதிப்பே 'இறந்த வரிசை'. அதை அகற்றும் பணிக்கு 'வேக்கும்' என்று பெயர்.

1980களில் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் கணினி அறிவியலாளர் மைக்கேல் ஸ்டோன்பிரேக்கரின் குழு இதன் முன்னோடியான போஸ்ட்கிரெஸை வடிவமைத்தபோது, கடந்த நாளொன்றில் தரவு எவ்வாறிருந்தது என்று கேட்க இயலவேண்டும் என்பதற்காகப் பழைய பதிப்புகளை ஆவணக் கிடங்குக்குக் கொண்டுசேர்க்கும் வேலையே வேக்குமுக்கு ஒதுக்கப்பட்டிருந்தது. அவ்வசதி பிற்பாடு கைவிடப்பட, காப்பாளராகப் பிறந்தது துப்புரவாளராக நிலைத்துவிட்டது. மென்பொருள் வரலாற்றில் இத்தனை அழகான இறக்கம் அரிது.

வேக்குமின் வேலைநயம் வரிசைமுறையில் இருக்கிறது. முதலில் அட்டவணையின் பக்கங்களைப் பார்வையிட்டு இறந்தவற்றின் முகவரிகளைத் திரட்டும். அடுத்து, இண்டெக்ஸ் எனப்படும் தேடல் அடைவுகளுக்குள் சென்று அம்முகவரிகளைச் சுட்டும் பதிவுகளை நீக்கும். அதன் பின்னரே திரும்பிவந்து அவ்விடங்களை மறுபயனுக்கு விடுவிக்கும். இடத்தை முன்னதாக விடுவித்தால், அங்கே குடியேறிய புதிய வரிசையைப் பழைய சுட்டு காட்டி, கேள்விக்குத் தவறான விடை வந்துவிடும். இவ்வளவும் அன்றாட வாசிப்பையும் எழுத்தையும் நிறுத்தாமலே நடக்கிறது. அட்டவணையையே பூட்டிவைத்து முழுவதும் திரும்ப எழுதும் 'வேக்கும் ஃபுல்' இதனருகே முரட்டு வேலைதான்.

நீக்கப்பட்ட கணத்திலேயே ஒரு வரிசை இறந்ததாகிவிடாது. அதைக் காணக்கூடிய பரிவர்த்தனை ஒன்றேனும் திறந்திருக்கும்வரை வேக்கும் அதைத் தொடுவதில்லை. முடிக்க மறந்த ஒரேயொரு பரிவர்த்தனை, அதற்குப்பின் நீக்கப்பட்ட அனைத்தையும் தேங்கவைத்துவிடும்.

தானாக இயங்கும் ஆட்டோவேக்கும், இறந்தவை 50-உடன் அட்டவணையின் ஐந்தில் ஒரு பங்கையும் சேர்த்த அளவைத் தாண்டும்போது இயல்பாக எழுகிறது. 10 கோடி வரிசைகளுள்ள அட்டவணையில் ஏறத்தாழ 2 கோடி சேரும்வரை பொறுப்பது பொறுமையன்று, சோம்பல் எனலாம். ஆயினும் பரிவர்த்தனை எண்கள் 32 பிட் அளவுடையவை, சுற்றித் தொடக்கத்துக்கே திரும்புபவை; அப்போது எது பழையது, எது புதியது என்பது குழம்பிவிடும். ஆகவே மிகப் பழைய வரிசைகளுக்கு 'உறைந்தவை' என்று முத்திரையிடும் கடமையில் ஆட்டோவேக்கும் அலட்சியம் காட்டுவதில்லை. அட்டவணையின் வயது 20 கோடிப் பரிவர்த்தனைகளைக் கடந்துவிட்டால், நிர்வாகி அதை அணைத்தே வைத்திருந்தாலும், எழுந்துவந்து வேலையைத் தொடங்கிவிடும்.