கடல் கடந்த கதைகளும் கருத்து வேறுபடும் வாசகர்களும்

‘பொன்னியின் செல்வன்’ 1954-இல் கல்கி இதழில் முடிந்தபோது வாசகர்கள் பலருக்கு அந்த முடிவு பிடிக்கவில்லை. அவசரமாக முடித்துவிட்டார், இன்னாருக்கு என்ன ஆயிற்று என்று சொல்லவே இல்லை என்று குறைப்பட்டுக்கொண்டார்கள். நாவலாசிரியர் கல்கி அதை ஒதுக்கிவிடவில்லை. ஒரு முடிவுரை எழுதி, பாத்திரங்கள் பின்னால் என்ன ஆனார்கள் என்று சொன்னார். கதையை அந்த இடத்தில் நிறுத்தியதற்கான காரணத்தையும் விளக்கினார். ஐந்தாம் பாகத்தின் கடைசியில் இன்றும் அது அச்சாகிறது. வாராவாரம் இதழுக்காகக் காத்திருந்த சாதாரண வாசகர்கள் கேட்டு வாங்கிய பக்கங்கள் அவை.

இப்படிப்பட்ட வாசகரின் அபிப்பிராயத்தை நம் விமர்சகர்கள் பொருட்படுத்துவது குறைவு. பொருட்படுத்த வேண்டும் என்பதே என் கட்சி. ஒரு புத்தகம் தன்னை எங்கே பிடித்து இழுத்தது, எங்கே கைவிட்டது என்று சொல்வதில் அவரை மிஞ்ச ஆளில்லை. ‘அந்தக் காலத்தில் இப்படித்தான் நடந்தது’ என்று சான்று கொடுக்கப் புகும்போதுதான் சறுக்குகிறார். தீவு, சரித்திரம், சாகசம் மூன்றும் கலந்த நாவல்களில் இந்த இரண்டு குணங்களும் பளிச்சென்று தெரிகின்றன.

சாண்டில்யனின் ‘கடல் புறா’வை எடுத்துக்கொள்வோம். கலிங்கத்துப் பாலூரில் தொடங்கி, கடாரம், ஸ்ரீவிஜயம் என்று கீழைக்கடல் நாடுகளிலும் தீவுகளிலும் விரியும் கதை. நாயகன் கருணாகரத் தொண்டைமான், கலிங்கத்துப்பரணி பாடும் அதே படைத்தலைவன். கப்பலின் அமைப்பையும் கடற்போர்த் தந்திரங்களையும் வாய் ஓயாமல் புகழ்கிறவர்கள் ஒரு சாரார். மஞ்சளழகியையும் காஞ்சனாதேவியையும் வர்ணிக்கும் பக்கங்களைப் புரட்டித் தள்ளிவிட்டுப் போனதாகச் சொல்கிறவர்கள் இன்னொரு சாரார். பெண்களை உடலாகவே பார்க்கும் வர்ணனை என்று இளம் வாசகிகள் கோபப்படுகிறார்கள். அந்தக் கோபம் நியாயமானது. அறிவாளியாகவும் துணிச்சல்காரியாகவும் அறிமுகமாகும் பெண், அடுத்த அத்தியாயத்தில் வெறும் அழகாகச் சுருங்கிப்போகிறாள். இதைப் பல ஆய்வுரைகளைவிட வாசகிகள் தெளிவாகச் சொல்லியிருக்கிறார்கள்.

‘இழுவை’ என்ற குற்றச்சாட்டை மட்டும் அப்படியே ஏற்க எனக்கு மனம் வரவில்லை. குமுதத்தில் தொடராக வந்த கதை அது. ஒரு வாரம் இடைவெளி விட்டு வருகிறவருக்கு முன்கதையை நினைவூட்ட வேண்டும்; அத்தியாயத்தை ஒரு திடுக்கிடலில் நிறுத்த வேண்டும். தாள்களைக் கிழித்தெடுத்து பைண்டு செய்து வைத்துக்கொண்ட தலைமுறைக்கு அந்த நினைவூட்டல் உதவியாக இருந்தது. மூன்று பாகங்களையும் சேர்த்து வாங்கி விடுமுறையில் ஒரே மூச்சாகப் படிப்பவருக்கு அதுவே தொல்லை. குறை உண்மைதான். அதில் பாதி, நாம் படிக்கும் விதத்தில் இருக்கிறது.

ப. சிங்காரத்தின் ‘புயலிலே ஒரு தோணி’ (1972) விஷயத்தில் பிளவு இன்னும் ஆழமானது. தலைப்பைப் பார்த்துக் கடல் சாகசத்தை எதிர்பார்த்து வருகிறவருக்கு, சுமத்ராவின் மெடான் நகரமும் பினாங்குத் தீவும், ஜப்பானியப் படை நுழைந்த யுத்த காலமும், வட்டிக்கடைப் பெட்டியடிப் பேச்சும், நடுநடுவே மதுரைத் தெரு நினைவுகளுமாக நாவல் சிதறிக் கிடப்பதுபோலத் தோன்றுகிறது. தொங்கான் என்ற மரக்கலத்தில் கடலைக் கடக்கும் புயல் பகுதி மொத்த நாவலில் சிறிய பங்குதான். ‘கதையே இல்லை’ என்று அவர் புத்தகத்தை மூடிவிடுகிறார். பார்த்ததைத்தான் சொல்கிறார்: நாயகன் பாண்டியனின் மனம் ஓரிடத்தில் நிற்பதில்லை, நாவலும் நிற்பதில்லை. அதைக் குறை என்று தீர்ப்பளிப்பதில்தான் அவசரம். ஊரை விட்டு வந்து, வந்த இடத்திலும் ஒட்டாமல், போரில் அடித்துச் செல்லப்பட்ட ஒருவனை நேர்கோட்டுக் கதையில் அடக்க முடியாது. முதலில் நேசித்த புத்தகத்தையே எல்லாவற்றுக்கும் அளவுகோலாக்கும் பழக்கத்தால் தமிழில் அதிகம் இழந்தது இந்த நாவல்தான்.

சரித்திரத்துக்கு வருவோம். ‘பொன்னியின் செல்வ’னில் அநுராதபுரத்தில் புத்த பிக்ஷுக்கள் நள்ளிரவில் இலங்கை மகுடத்தை, பின்னாளில் ராஜராஜனாகப் போகும் அருள்மொழிவர்மருக்குக் கொடுக்க முன்வருகிறார்கள், அவர் மறுத்துவிடுகிறார். நாயகன் வந்தியத்தேவன் கண்வழியே நாம் பார்க்கும் அந்தக் காட்சி அற்புதமாக எழுதப்பட்டது. கல்கியின் கற்பனை அது. ஆனால் ராஜராஜன் இலங்கை அரியணையை வேண்டாம் என்றவன் என்று வாசகர்கள் நிஜமாகவே வாதாடுவதைக் கேட்டிருக்கிறேன். 993-ஐ ஒட்டி இலங்கைமீது படையெடுத்தவன் அதே ராஜராஜன். அந்தத் தீவின் வடபகுதி சோழ மண்டலமாகி, பொலன்னறுவை ஜனநாதமங்கலம் ஆயிற்று. ஈழத்து ஊர்கள் சிலவற்றின் வருவாய் தஞ்சைப் பெரிய கோயிலுக்கு எழுதிவைக்கப்பட்டது. அவன் மகன் காலத்தில் இலங்கை மன்னன் ஐந்தாம் மகிந்தன் சிறைபிடிக்கப்பட்டதையும், விகாரைகள் உடைக்கப்பட்டுப் பொன்னும் மணியும் கொள்ளை போனதையும் இலங்கையின் பௌத்த வரலாற்று நூலான சூளவம்சம் ஆறாத மனத்தோடு பதிவு செய்திருக்கிறது. நாகப்பட்டினம் சூடாமணி விகாரத்துக்கு ஆனைமங்கலம் என்ற ஊரைக் கொடுத்தவனும் ராஜராஜன்தான். ஆகவே கல்கி காட்டும் பௌத்த அபிமானம் வெறும் புனைவும் இல்லை. இரண்டும் ஒரே மனிதனின் ஆட்சி.

இதைச் சொன்னால் ‘கதையைக் கதையாகப் படியுங்கள்’ என்று பதில் வருகிறது. சோழர் பெருமை பேசும்போது அதே கதையைச் சரித்திரமாக மேற்கோள் காட்டுகிறவர்களும் அவர்களே. ராஜராஜனின் அண்ணன் ஆதித்த கரிகாலன் கொலையில் இவர்கள் இப்படி இல்லை. யார் கொன்றது என்று கல்கி உறுதியாகச் சொல்லாததால், உடையார்குடிக் கல்வெட்டைத் தேடிக் காட்டுமன்னார்கோயிலுக்குப் போனவர்கள் உண்டு. கொலைத் துரோகிகளாக ரவிதாஸன், சோமன், பரமேஸ்வரன் என்ற பெயர்களைக் கல்லில் பார்த்துவிட்டுத் திரும்பி வந்து நாவலோடு மல்லுக்கட்டினார்கள். நாவல் கேள்வியாக விட்ட இடத்தில் வாசகர்கள் ஆராய்ச்சியாளர்களானார்கள். அழகான விடை தந்த இடத்தில் விசாரிக்காமல் விட்டுவிட்டார்கள். பொலன்னறுவையில் வானவன்மாதேவி பெயரால் சோழர் கட்டிய சிவன் கோயில் இன்றும் இருக்கிறது. உடையார்குடிக்குப் போனவர்கள் அங்கும் ஒருமுறை போய், சூளவம்சத்தின் அந்தப் பகுதியையும் படித்துவிட்டு, மகுடக் காட்சியைப் பற்றி மறுபடி சண்டை போடட்டும்.