மீட்பு: அடகு வைத்தது கைக்கு வந்ததா?

'நீங்க இரட்சிக்கப்பட்டுட்டீங்களா?' தூத்துக்குடியில் வளர்ந்த யாரும் இந்தக் கேள்விக்குத் தப்பியிருக்க முடியாது. பஸ் ஸ்டாண்டில் துண்டுப் பிரசுரம் கொடுக்கிறவர் கேட்பார். ஆஸ்பத்திரிக் கட்டிலருகே ஜெபிக்க வருகிறவர் கேட்பார். சி.எஸ்.ஐ.காரர்கள் இரட்சிப்பு என்பதைக் கத்தோலிக்கர்கள் மீட்பு என்கிறார்கள். எங்கள் வீட்டுக்கு அந்தச் சொல் கோயிலிலிருந்து வரவில்லை, அடகுக் கடையிலிருந்து வந்தது. அம்மாவுக்கு உப்பளத்து வேலை. ஐப்பசி மழையில் அளம் மூழ்கியதும் கம்மல் கடைக்குப் போகும். மறுபடி உப்பு வாரத் தொடங்கி நாலு காசு பார்த்த பிறகு அதை மீட்டு வருவாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை 'இயேசு நம்மை மீட்டுவிட்டார்' என்று சாமியார் பிரசங்கம் வைத்தார். வெளியே வந்ததும் அம்மா கேட்டாள்: "மீட்டாச்சுன்னா பொருள் கைக்கு வரணும்லா? நம்ம பொருள் எங்க இருக்கு?"

இந்தக் கேள்வியை வைத்துக்கொண்டுதான் நான் நம்முடைய கிறிஸ்தவ இலக்கியத்தைப் படிக்கிறேன்.

அம்மா கேட்டது ஒன்றும் விசுவாசக் குறைவல்ல. முத்துக்குளித்துறைக்கு மீட்பு முதலில் வந்ததே அந்தப் பொருளில்தான். 1530களில் கடல் யாருக்கு என்ற சண்டையில் முஸ்லிம் வணிகர்களிடம் நெருக்கப்பட்ட பரதவர்கள், தங்கள் பட்டங்கட்டிகளைக் கொச்சிக்கு அனுப்பிப் போர்ச்சுக்கீசியரிடம் பாதுகாப்புக் கேட்டார்கள். ஞானஸ்நானம் அந்த ஏற்பாட்டின் ஒரு பகுதி. தனித்தனி ஆளாகப் பாவத்தை நினைத்து அழுது மனந்திரும்பியவர்கள் அல்ல அவர்கள். ஊர் ஊராக, சமூகமாக மாறினார்கள். ஜெபம் சொல்லித்தரச் சவேரியார் வந்தது 1542இல்தான். மீட்பு இலவசமாகவும் வரவில்லை. போர்ச்சுக்கல் ராணியின் பாதரட்சைச் செலவுக்கென்றே இந்தக் கரையிலிருந்து பணம் போயிற்று. அதை உபதேசியார்களின் சம்பளத்துக்கு விடச் சொல்லிச் சவேரியார் கேட்டு வாங்கியது வரலாறு. உடம்பும் தொழிலும் கூட்டமாகக் காப்பாற்றப்பட்டதை அன்றைக்கு யாரும் 'லௌகீகம்' என்று தள்ளவில்லை. தலித் கேட்கும்போது மட்டும் அது ஏன் 'ஆத்தும காரியம்' ஆகிவிடுகிறது?

எம்.ஏ. வகுப்பில் எனக்கு இரட்சணிய யாத்திரிகம் பாடம். சாயர்புரத்தில் தமிழாசிரியராக இருந்த கிருஷ்ண பிள்ளை 1858இல் ஞானஸ்நானம் பெற்றார். ஹென்றி ஆல்பிரட் என்ற பெயர் முன்னால் வந்து உட்கார்ந்தது. பின்னாலிருந்த பிள்ளை அப்படியே இருந்தது. 1894இல் வெளிவந்த அவருடைய காப்பியத்துக்கு மூலம் ஜான் பனியன் எழுதிய நூல். பனியன் பாத்திரத்துக்கு ஒட்டுப் போடுகிற தொழிலாளி. அனுமதியில்லாமல் பிரசங்கித்ததற்காக 12 வருஷம் சிறையில் கிடந்தவர். தன் தெரு ஜனங்கள் பேசிய பாஷையில் எழுதியவர். அந்தத் தொழிலாளியின் நூல் தமிழுக்குள் வரும்போது கம்பன் வழி விருத்தத்தில் ஏறிக்கொண்டது. 'கிறிஸ்தவக் கம்பர்' என்று பட்டமும் கிடைத்தது. பனியனைக் கேட்டவர்களைப் போன்ற உழைப்பாளிகளுக்கு இந்தக் காப்பியத்தின் கதவு திறக்கவில்லை. செய்யுளின் அழகை நான் மறுக்கவில்லை. யாருடைய வாயில் மீட்பு பேசப்பட்டது என்றுதான் கேட்கிறேன்.

பனியனிடமும் எனக்குச் சண்டை உண்டு. மனைவி மக்கள் கூப்பிடக் கூப்பிட, காதில் விரலை வைத்துக்கொண்டு ஓடுகிறான் அவருடைய யாத்திரிகன். இரண்டாம் பாகத்தில் (1684) அவர்களும் கிளம்புகிறார்கள், ஆனால் அவன் திரும்பிப் பார்த்து அழைத்துப் போகவில்லை. எங்கள் கடலில் இது செல்லாது. 1961இல் தூத்துக்குடியில் கடைசி முத்துக்குளிப்பு நடந்தது. கல்லின் பாரத்தில் ஒருவன் அடியாழத்துக்குப் போவான், தோணியில் ஒருவன் கயிற்றைப் பிடித்திருப்பான். கீழேயிருப்பவன் கயிற்றை அசைத்ததும் மேலேயிருப்பவன் இழுத்தாக வேண்டும். காதில் விரல் வைத்துக்கொள்கிறவனை நம்பி எவன் கயிற்றைக் கொடுப்பான்?

யாத்திரிகத்துக்கு 98 வருஷம் கழித்து, 1992இல், பாமாவின் கருக்கு வந்தது. அது அந்த யாத்திரையைத் தலைகீழாக்கிய பிரதி. அழிவின் நகரத்திலிருந்து மோட்சத்துக்குப் போகிறான் பனியனின் ஆள். பாமாவோ மோட்ச வீடு என்று சொல்லப்பட்ட கன்னியர் மடத்திலிருந்து தெருவுக்குத் திரும்புகிறார். ஏழைப் பிள்ளைகளுக்குச் சேவை செய்யப் போனவர், ஏழ்மை வார்த்தைப்பாடு எடுத்தவர்கள் வசதியிலும் சாதியிலும் இருப்பதைக் கண்டு வெளியே வருகிறார். முதுகில் இருப்பது அவருடைய பாவச்சுமை அல்ல. அடுத்தவர் ஏற்றிய சுமை. சிலுவையைப் பார்த்ததும் அது தானாக விழவில்லை. விருத்தத்தில் ஏறிய மீட்பு இங்கே பறைத்தெருப் பேச்சில் இறங்கி வந்தது. 'கொச்சை' என்று முகம் சுளித்தவர்களுக்கு உறுத்தியது மொழி மட்டுமல்ல.

கருக்கில் எனக்கொரு குறையும் உண்டு. வெளியே வந்தவர் கடைசியில் தனியாகவே நிற்கிறார். 1994இல் வந்த சங்கதியில்தான் தெருப் பெண்கள் கூட்டமாகப் பேசுகிறார்கள், சண்டை போடுகிறார்கள், சிரிக்கிறார்கள். கயிறு பிடிக்க ஆள் இருக்கிறார்கள். கருக்கைப் பாடமாக வைக்கிற பேராசிரியர்கள் சங்கதியையும் சேர்த்து வைக்க வேண்டும்.

இதெல்லாம் இலக்கியம், வாழ்க்கை வேறு என்பவர்களுக்கு ஒரு வழக்கு: சூசை எதிர் இந்திய ஒன்றியம். சூசை சென்னையில் ரோட்டோரம் செருப்புத் தைத்த ஆதிதிராவிடக் கிறிஸ்தவர். அவரைப்போன்ற தொழிலாளிகளுக்கு இலவசமாகக் கொடுத்த பெட்டிக்கடை அவருக்கு மட்டும் இல்லை என்றார்கள். காரணம் 1950ஆம் வருஷ ஜனாதிபதி ஆணை. மதம் மாறிய பின்னும் சாதிக்கொடுமை அதே கடுமையோடு தொடர்வதாக நிரூபிக்கவில்லை என்று 1985இல் உச்ச நீதிமன்றம் மனுவைத் தள்ளியது. அந்த ஆணையில் சீக்கியருக்கு 1956இலும் பௌத்தருக்கு 1990இலும் கதவு திறந்தது. கிறிஸ்தவ தலித்துக்குத் திறக்கவில்லை. அரசு சொல்கிறது, நீ கிறிஸ்தவன், உனக்குச் சாதியில்லை என்று. கோயிலில் சாதி இருக்கிறது. இரண்டு கடைக்காரர்களும் பொருள் அடுத்த கடையில் இருப்பதாகக் கை காட்டுகிறார்கள்.

'மதத்தைத் தூக்கி எறி, தீர்ந்தது' என்கிற தோழர்கள் உண்டு. அவர்கள் கோபம் எனக்குப் புரிகிறது. அம்மா எறியவில்லை. அவள் ஏமாளியும் அல்ல. ஞானஸ்நானம் அவளுக்கு அடகுச் சீட்டு மாதிரி. சீட்டு கையில் இருக்கிறவரைக்கும் கடை வாசலில் நின்று கேட்கலாம். நாம் எழுதுவதும் அந்த வாசலில் நின்றுதான்.