புறாமலையும் இயற்கை வருணனையும்

கட்டுரை எழுதச் சொன்னால் நமது மாணவர்க்கு முதலில் நினைவுக்கு வருவது 'நான் சென்ற சுற்றுலா' என்னும் தலைப்பே. சென்ற தவணையில் நிலாவெளிப் பக்கத்து மாணவன் ஒருவன் இத்தலைப்பிற் புறாமலையைப் பற்றி எழுதித் தந்தான். பாலைப் பழிக்கும் வெண்மணல், பளிங்கு போன்ற நீர், வண்ண மீன்கள், உள்ளத்தைக் கொள்ளைகொள்ளும் காட்சி எனக் கட்டுரை பிழையின்றி ஒன்றரைப் பக்கம் ஓடியது. இதில் வியப்பதற்கு ஒன்றுமில்லை. வியப்பு யாதெனில், அவனுடைய தந்தை அத்தீவுக்குப் பிரயாணிகளை ஏற்றியிறக்கும் வள்ளக்காரர். விடுமுறை நாள்களில் மகனும் அவ்வள்ளத்தில் நிற்பவன். கட்டுரையிலோ வள்ளமும் இல்லை, வள்ளக்காரரும் இல்லை. கொழும்பிலிருந்து ஒரு பகல் வந்து போனவனின் கண்கொண்டு தன் வீட்டுக் கடலைப் பார்த்திருந்தான் அவன்.

அக்கண்ணை அவனுக்குக் கொடுத்தோர் யார்? விடுதிகளின் விளம்பரத் தாள்களை மாத்திரம் குறைகூறித் தப்பிவிட முடியாது. நம் பத்திரிகைகளில் வெளிவரும் பயணக் கட்டுரைகளுக்கும், மாதிரிக் கட்டுரைகளை மனனம் செய்விக்கும் ஆசிரியராகிய நமக்கும் அதிற் பங்குண்டு.

புறாமலையைப் பற்றி எழுதுவோர் பெரும்பாலும் கூறாது விடும் செய்திகள் சில உள. நிலாவெளிக் கரையிலிருந்து ஏறத்தாழ ஒரு கிலோமீற்றர் தொலைவில் உள்ள இருதீவுகளுக்கு, அங்கே கூடுகட்டும் மாடப்புறாக்களால் அப்பெயர் வந்தது. வெள்ளையர் ஆட்சியில் இது சுடுபயிற்சித் தலமாகவும் பயன்பட்டது; புறாவின் பெயரைத் தாங்கிய தீவுக்குக் கிடைத்த மரியாதை அது! 1963 இல் சரணாலயமாக்கப்பட்டு, 2003 இல் தேசிய பூங்காவாகப் பிரகடனம் செய்யப்பட்டது. பூங்காவின் பரப்பு ஏறத்தாழ 471 எக்டேயர். ஆனால் பெரிய தீவின் நீளம் 200 மீற்றர், அகலம் 100 மீற்றர் அளவே. எஞ்சியதெல்லாம் கடல். அதாவது, பூங்கா என்று நாம் அழைப்பது பெரும்பாலும் தலைமுறை தலைமுறையாக ஒரு தொழில் நடந்த நீர்ப்பரப்பாகும்.

பயணக் கட்டுரையாளரின் பார்வையில் இந்நீர்ப்பரப்பு மனிதரற்றது. மனிதர் வந்தாலும் அவர் 'கள்ளங்கபடமற்ற மீனவர்' என ஒரு வரியில் வந்து, தென்னை மரத்தோடு மரமாக நின்று மறைவார். இதனைத் தமிழ் மரபு என்று எவரும் சொல்ல வேண்டாம். நெய்தற் பாட்டில் உப்பு விளைப்போரும், வலை உணக்குவோரும், காயும் மீனைக் கவரவரும் புள்ளை ஓட்டும் பெண்ணும் இன்றிக் கடல் இல்லை. தெய்வம், உணவு, விலங்கு, மரம், புள் என்று கருப்பொருளை எண்ணிய தொல்காப்பியர் அவற்றோடு தொழிலையும் வைத்து எண்ணினார். திணைக் கோட்பாட்டின் பொருளாதார அடிப்படையைக் கலாநிதி கா. சிவத்தம்பி 1974 இலேயே விரித்துக் காட்டிவிட்டார். எனினும் நம் வகுப்பறையில் நெய்தல் இன்றும் 'கடலும் கடல் சார்ந்த இடமும்' என்னும் ஒரு மதிப்பெண் விடையாகவே கிடக்கிறது.

தொழிலை நீக்கிவிட்டு இயற்கையை மாத்திரம் சுவைக்கும் பார்வை வேறிடத்து வரலாறு உடையது. இங்கிலாந்தின் ஏரி நாட்டைப் பாடிய வேட்ஸ்வேர்த், 1844 இல் அங்கு புகையிரதப் பாதை வருவதை எதிர்த்தார். இயற்கைக் காட்சியைச் சுவைக்கும் ஆற்றல் பிறவியில் வருவதன்று, பயிற்சியால் வருவது. எனவே தொழிற்சாலை நகரத்து மக்களைக் கூட்டங்கூட்டமாகக் கொண்டுவந்து இறக்குவதால் அவர்க்குப் பயனில்லை என்பது அம்மகாகவியின் வாதம். அம்மக்கள் தந்த விடையை அவர் காணவில்லை. 1932 ஏப்பிரல் 24 ஆம் நாள், மான்செஸ்ரர்ப் பகுதித் தொழிலாள இளைஞர் நூற்றுக்கணக்கில், செல்வர் தம் பறவை வேட்டைக்கென அடைத்து வைத்திருந்த கிண்டர் ஸ்கௌட் மேட்டுநிலத்துள் தடையை மீறி நடந்தனர். ஐவர் சிறை சென்றனர். 1949 இல் அந்நாட்டில் தேசிய பூங்காச் சட்டம் வந்ததற்கு அந்நடையும் ஒரு காரணம்.

திருகோணமலையில் வேலி இல்லை; கட்டணம் உண்டு. அயல்நாட்டார் நம்மினும் பன்மடங்கு செலுத்துகின்றனர், அது நியாயமே. ஆயினும் நுழைவுச் சீட்டோடு வள்ளக் கூலியும் சேரும்போது, கூலித் தொழிலாளி ஒருவர் நான்கு பிள்ளைகளோடு அங்கே போய்வருவது எளிதன்று. புறாமலையைப் படத்திலன்றிக் காணாத பிள்ளைகள் நம் வகுப்பறைகளில் உண்டு. கோட்டை வாசலில் கோணேசர் கோயிலுக்குப் போவோரிடம் வாழைப்பழம் கேட்டு நிற்கும் மான்களே அவர்கள் அறிந்த வனவிலங்கு.

காவலே வேண்டாம் என்று நாம் வாதிக்கவில்லை. முருகைக்கல் என்பது கல்லன்று, உயிர்க்கூட்டம். பல்லாண்டில் வளர்ந்ததை ஒரு மிதி உடைத்துவிடும். வெடிவைத்து மீன்பிடிப்போரும் நம் கரையோரத்தவரே. அவர்களுக்காகப் பரிந்து பேசுவது மக்கள்பற்றாகாது. நமது குறை இதுதான்: காவலின் சுமை முழுவதும் வலைவீசியவன் தலையில் விழுகிறது, முருகைமேல் ஏறிநின்று படம் பிடிப்பவனோ 'இயற்கை ரசிகன்' என்ற பட்டத்தோடு ஊர் திரும்புகிறான்.

மாணவனை அழைத்து, 'அப்பாவின் வள்ளம்' என்று தலைப்பிட்டு மீண்டும் எழுதச் சொன்னோம். முதலில் அவன் விரும்பவில்லை, "அதிலே எழுத என்ன இருக்கு, சேர்?" என்றான். மூன்றாம் நாள் கொண்டுவந்தான். நீர் மட்டம் குறையும் இடத்தில் இயந்திரத்தைத் தூக்கிவிட வேண்டும் என்பதும், நங்கூரத்தை மணலிலன்றி முருகையில் இடக்கூடாது என்பதும், மிதிக்க வேண்டாமென்று தகப்பன் கத்துவது பிரயாணிகளுக்கு விளங்குவதில்லை என்பதும், வாடைக் காலத்தில் வள்ளம் கரையிற் கிடக்க இயந்திரக் கடன் மாத்திரம் கிடவாது வளர்வதும், பாட்டன் வலைவீசிய இடத்தின் பெயரும் அதில் இருந்தன. மூன்று பக்கம். எழுத்துப் பிழை பதினேழு. முன்னைய கட்டுரைக்கு இருபதுக்குப் பதினாறு இட்டிருந்தோம். இதற்கு எத்தனை இடுவதென்று புள்ளித் திட்டத்தைப் புரட்டிக்கொண்டிருக்கிறோம்.