பத்தடி அகலத்தில் ஐந்து ஸ்பீக்கர்

ஹோம் தியேட்டர் ரிசீவரின் கையேட்டில் பெரும்பாலும் ஒரு படம் இருக்கும். விசாலமான அறை, நட்டநடுவில் சோபா, எதிரே டிவி, சுற்றிலும் ஐந்து ஸ்பீக்கர், ஓரத்தில் சப் வூஃபர். காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில் ஒடுங்கி நீண்ட பழைய நெசவாளர் வீடு எதற்கும் அந்தப் படம் பொருந்தாது. கூடத்தில் பெரும்பகுதி குழித்தறிக்கு. தறிக்கு மேலே ஜக்கார்டு பெட்டி. பக்கத்து வீட்டோடு ஒட்டிய சுவர். மிச்சமிருக்கும் இடத்தில்தான் டிவியும் பாயும் பிள்ளைகளின் புத்தகப் பையும். அங்கேயும் 5.1 மாட்ட ஆசைப்படுகிறார்கள்.

ஆசை தியேட்டரில் தொற்றியது. 1995-இல் ‘குருதிப்புனல்’ டால்பி ஸ்டீரியோ எஸ்.ஆர். ஒலியில் வந்தது; மறு வருடமே ‘கறுப்பு ரோஜா’ டி.டி.எஸ்ஸைக் கொண்டுவந்தது. ஆனால் தியேட்டரில் பக்கச் சுவர் நெடுக சரவுண்ட் ஸ்பீக்கர்கள் வரிசையாக இருக்கும். எந்த இருக்கையில் உட்கார்ந்தாலும் ஒரே பெட்டி காதில் கத்தாது. வீட்டில் பக்கத்துக்கு ஒன்றுதான். அதன் அடியில் பாய் போட்டவருக்கு வசனமே கேட்காது.

சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் பரிந்துரைப்படி, கேட்பவருக்கு நேர்முன்னே சென்டர், அதற்கு இருபுறமும் 30 டிகிரியில் முன் ஸ்பீக்கர்கள், 100 முதல் 120 டிகிரிக்குள் சரவுண்ட். அதாவது காதுக்குப் பக்கவாட்டில், சற்றே பின்தள்ளி. நம் வீடுகளில் அவை பின்சுவர் மூலைக்குப் போய்விடுகின்றன. ஆணி அடிக்க அங்கேதான் சுவர் காலியாக இருக்கிறது.

தூரம் கூடுவதால் வரும் தாமதத்தை ரிசீவரே சமாளித்துவிடும். ஒலி ஒரு மீட்டரைக் கடக்க ஏறக்குறைய 3 மில்லிசெகண்ட் ஆகிறது. செட்டோடு வரும் மைக்கை உட்காரும் இடத்தில் வைத்தால் போதும், தூரத்தையும் சத்த அளவையும் அதுவே கணக்கிட்டுச் சரிசெய்யும். இந்த வசதியைக் குறை சொல்ல முடியாது. கோணத்தில் கொஞ்சம் பிசகினாலும் காது பொறுத்துக்கொள்ளும். நேர்முன்னே ஓரிரு டிகிரி நகர்வைக்கூடக் கண்டுபிடிக்கும் காது, பக்கவாட்டில் அவ்வளவு கூர்மையில்லை.

உயரத்தில்தான் சிக்கல். சோபாவில் உட்கார்ந்தவரின் காது தரையிலிருந்து மூன்றரை அடியில் இருக்கும். பாயில் உட்கார்ந்தவருக்கு அது இரண்டரை அடிதான். பெட்டியை எட்டடியில் தொங்கவிட்டால் மழை பக்கத்தில் பெய்யாது, பரணில் பெய்யும். மைக்கை ஸ்டூல்மேல் வைத்து அளந்துவிட்டுத் தரையில் உட்கார்ந்து படம் பார்ப்பதும் இதே கோளாறுதான்.

கடையில் காட்டும் டெமோவுக்கும் இதில் பங்கு உண்டு. ஹெலிகாப்டரைப் பின்னாலிருந்து முன்னால் பறக்கவிட்டு, “எஃபெக்ட் எப்படி?” என்பார்கள். அதை நம்பி சரவுண்டை ஏற்றி வைக்கிறார்கள். கருட சேவைக் கூட்டத்தில் நிற்பவர் முதுகுக்குப் பின்னால் யார் என்ன பேசுகிறார் என்று பிரித்துக் கேட்பதில்லை. இரைச்சல் சூழ்ந்திருப்பது மட்டும் தெரியும். படத்தில் பெரும்பாலான நேரம் சரவுண்டுக்கு அதுதான் வேலை. வசனத்தைச் சுமப்பது சென்டர். அதையோ டிவிக்குப் பின்னால் ஒளித்துவிடுகிறார்கள்.

உதிரிகளை வாங்கிப் பூட்டிய அசெம்பிள் செட்டின் பெருமை விலையில் இருக்கிறது. பழுதானால் தெருமுனைக் கடையிலேயே ஐ.சி. மாற்றலாம். ஆனால் அதில் பல, ப்ளூடூத்தில் வரும் இரண்டு சேனலை ஐந்து பெட்டிக்கும் பங்கு வைப்பவைதான். உண்மையான 5.1 வேண்டுமானால் டிவியிலிருந்து ஹெச்.டி.எம்.ஐ. ஆர்க் வழியாகவோ ஆப்டிகல் வழியாகவோ டால்பி சிக்னல் வர வேண்டும், அதைப் பிரிக்க டிகோடரும் வேண்டும்.

ஒலிப்பிரியர்கள் சிரிக்கக்கூடும், ஆனாலும் எல்லாப் பெட்டியிலும் ஒரே பாட்டை விடும் ‘ஆல் சேனல் ஸ்டீரியோ’வுக்குத் தறி வீட்டில் நியாயம் இருக்கிறது. குழியில் கால் விட்டு நெய்பவருக்கும் அடுப்படியில் இருப்பவருக்கும் பாட்டு ஒரே அளவில் கேட்கும். ஒரு பெட்டியை அலறவிட வேண்டியதில்லை. படம் போடும்போது அதை மாற்ற மறந்தால் மட்டும் ஐந்து ஸ்பீக்கரும் வீண்.

ஒயரிங்கில் நடக்கும் தவறுகள் கண்ணுக்குத் தெரியாதவை. ஒரு முன் ஸ்பீக்கரில் மட்டும் பிளஸ், மைனஸ் மாறிவிட்டால் செட் வழக்கம்போலப் பாடும். பேஸ் மட்டும் வற்றிப்போகும், குரல் நடுவில் நிற்காமல் கலைந்து கிடக்கும். கோடு போட்ட இழையை இரு முனையிலும் சிவப்பிலேயே செருகினால் இந்தத் தொல்லை இல்லை. இன்னொன்று, உள்ளறைக்கும் பாட்டு வேண்டுமென்று ஒரே முனையில் இரண்டு பெட்டிகளை மாட்டுவது. இரண்டு 8 ஓம் பேரலலாகச் சேர்ந்தால் 4 ஓம். 6 ஓமுக்குக் குறையக் கூடாது என்று பின்பக்கத்தில் அச்சிட்ட ரிசீவர், அதுவும் காற்றில்லாத ஷோகேஸுக்குள், சூடேறி அணைந்துபோவதில் வியப்பில்லை.

சப் வூஃபர் தனிக் கதை. பத்தடி அகல அறையில் சுவருக்குச் சுவர் மோதி ஓங்குவது சுமார் 56 ஹெர்ட்ஸ் ஒலி. பெட்டியை மூலையில் வைத்தால் சுவரில் சாய்ந்தவருக்கு அது இடிக்கும். அறையின் நடுவில் இருப்பவருக்கு ஏறக்குறைய மறைந்துவிடும். நடுவில் உட்கார்ந்தவர் “பேஸ் பத்தல” என்று வால்யூமைக் கூட்டுவார். பொதுச்சுவருக்கு அப்பால் தூங்குகிறவர் அதற்கு வட்டி கட்டுவார். மூலையிலிருந்து இரண்டு மூன்றடி நகர்த்தினாலே கணிசமாக அடங்கும். அந்த மூன்றடியைத்தான் தறி எடுத்துக்கொண்டிருக்கிறது.

இப்படிப்பட்ட வீட்டில் ஐந்தும் சுமாரான பெட்டிகளாக வாங்குவதைவிட, அதே காசில் முன்பக்கத்துக்கு மூன்று நல்ல பெட்டிகள் வாங்குவது மேல். ரிசீவரின் மெனுவில் சரவுண்ட் ‘இல்லை’ என்று குறித்துவிட்டால், அந்தச் சேனல்களின் ஒலியை அதுவே முன் ஸ்பீக்கர்களில் கலந்துவிடும், எதுவும் விட்டுப்போகாது. பின்னால் இடமும் பணமும் வாய்க்கும்போது பக்கச் சுவரில் நாலடி உயரத்தில் இரண்டு சின்னப் பெட்டிகளைச் சேர்த்து, மைக்கைப் பாயில் உட்காருபவர் காதுமட்டத்தில் வைத்து மறுபடி அளந்துகொள்ளலாம்.